குதிரைக்காரரும் என் பதினொரு சிப்பாய்களும்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியைத் திறக்க இரண்டு வருடமாக யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான். சாவியை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அரிசி வாளி யாருடைய ஆட்சிக்கு உட்பட்டது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அலுமாரிக்குள் பதினொரு ஈயச் சிப்பாய்கள் நின்றார்கள். சிவப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தலையில் உயரமான கறுப்பு ரோமத் தொப்பி, தோளில் துப்பாக்கி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொலித்தீன் பை. பதுளை மழைக்காலத்து ஈரம் உள்ளே போய்விடக் கூடாது என்று, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் ஒவ்வொரு பைக்குள்ளும் போட்டிருந்தேன். என் மனைவி ஒருநாள் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில பொணத்த வச்சிருக்க மாதிரி இருக்கு" என்றாள். இவளுக்கு முதலீடு பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சிப்பாய்கள் எங்களிடம் வந்தது என் அப்பா வழியாக. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் பங்களாவுக்குப் பூந்தோட்ட வேலை பார்த்தார். ஒரு வருடம் பங்களாவுக்கு வெள்ளையடித்தபோது, கூரைக்குக் கீழே பலகைத் தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வீட்டுப் பிள்ளையோ மறந்துவிட்டுப் போன சாமான். அப்போதைய துரை எட்டிப் பார்த்துவிட்டு வீசிவிடச் சொன்னார். அப்பா நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவுக்குள் வீசினார். டின்னுக்குள் பதினொரு காலாட்களும் குதிரையில் ஏறிய ஓர் அதிகாரியும் இருந்தார்கள். அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்.

படை என்றால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பெரட்டு என்றால் தெரியும். விடிந்ததும் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. ஆகவே என் சிப்பாய்கள் ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. தினமும் காலையில் வரிசையில் நின்று, புல்லு வெட்டுக்கோ தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்துக்கோ போனார்கள். தோளில் இருந்த துப்பாக்கியை மண்வெட்டி என்று வைத்துக்கொண்டேன். தலையில் இருந்தது, மழைக்கும் குளிருக்கும் எங்கள் ஆட்கள் போட்டுக்கொள்ளும் கம்பளி. குதிரையில் இருந்தவர் துரை. பிந்தி வந்தவனைத் துரை திட்டுவார். அவனுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். துரையின் வாள் நுனி மட்டும் வளைந்திருக்கும். நான் கடித்து வளைத்தது. ஈயம் உடம்புக்குள் போனால் மூளை மந்தமாகும் என்று இன்றைக்கு விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உதாரணத்துக்கு ஆளைத் தேடி வெளியே போகவேண்டிய அவசியமில்லை.

ஒருநாள் துரையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆறாம் நம்பர் மலைக்குப் போனேன். அம்மாவும் அத்தையும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே துரையைச் சவாரி விட்டு விளையாடியதில் அவர் எங்கேயோ விழுந்துவிட்டார். நான் அழுத அழுகைக்கு அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு, செடிக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினார். கங்காணி கீழேயிருந்து கத்தினார். துரை கிடைக்கவில்லை. அடுத்த நாள் முதல் பெரட்டு துரை இல்லாமலே நடந்தது. வேலையில் ஒரு குறைச்சலும் இல்லை.

வளர்ந்து, படித்து, ஆசிரியராகி, பதுளை டவுனுக்குக் குடிவந்த பிறகும் சிப்பாய்கள் என்னோடு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் பெரட்டு வைப்பேன். நரைத்த தலையோடு இதைச் செய்வது பெருமைக்குரிய விஷயம் அல்ல, அதனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் செய்வேன். மனைவி பருப்பு ஆய்ந்துகொண்டே, "இவனுக்கு ஏன் இன்னிக்கும் கவ்வாத்து? போன வாரமும் இவன்தானே போனான்?" என்று தொழிற்சங்கம் பேசுவாள். அந்த ஞாயிறுகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேறு வழி இல்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு வினை போன் வடிவில் வந்தது. ஏதோ ஒரு வீடியோவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, என் சிப்பாய்களின் அண்ணன் தம்பிகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பழைய பெயின்ட் உரியாமல் இருக்கவேண்டுமாம். மேலே புதுப் பெயின்ட் பூசியிருந்தால் அது குப்பைக்குச் சமமாம். முக்கியமாக, செட் முழுசாக இருக்கவேண்டுமாம். அன்றைக்கே பதினொரு பேரையும் ஒரு கடதாசிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

பதுளை பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நானாவை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும். பங்களாக்களிலிருந்து வரும் பித்தளை விளக்கு, மணிக்கூடு, பீங்கான் எல்லாவற்றையும் வாங்கி, எல்ல என்ற மலையூர்ப் பக்கத்து ஹோட்டல்காரர்களுக்கு விற்பவர். அங்கே வரும் சுற்றுலாக்காரர்களுக்குப் பழைய சாமான் நடுவே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால்தான் இறங்குமாம். நானா சிப்பாய்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். உடனே திருப்பி வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

"சேர், இத வச்சி நீங்க என்ன செய்றீங்க?"

"சும்மா... அடுக்கி வச்சி விளையாடுறது."

"அஸ்தஃபிருல்லாஹ்! இது வெளையாட்டுச் சாமானா? சொத்து சேர், சொத்து. ஒவ்வொரு தடவ நீங்க தொடக்குள்ளயும் வெல எறங்குது. வீட்ட போய் உள்ளுக்கு வச்சிப் பூட்டுங்க. குதிரக்காரன் எங்க?"

"சின்ன வயசுல தொலைச்சிட்டேன்."

நானா என்னை ஓர் அனுதாபத்தோடு பார்த்தார். "அவன் மட்டும் இருந்தா வெலயே வேற சேர்" என்றார்.

கண்ணாடி அலுமாரி அப்படித்தான் வந்தது. பொம்மையின் சொந்தக்காரன் விளையாட்டை நிறுத்தினால் பொம்மைக்கு மதிப்பு ஏறும் என்ற பொருளாதாரம் எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகு நான் மிக நன்றாக அனுசரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் பெரட்டு வைப்பதற்குப் பதிலாகப் போனில் விலை பார்த்தேன். விலை ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் மனைவியோடு சண்டை. சிப்பாய்கள் பைக்குள் நின்று வியர்த்தார்கள். எனக்கு முன்னேறிய மாதிரியே இருந்தது.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், தோட்டத்தில் நடந்த ஒரு சாமி கும்பிடு. ஆறாம் நம்பர் மலையில், சவுக்கு மரத்தடியில், மூன்று செங்கல்லும் ஒரு தகரத் துண்டும் வைத்துக் கட்டிய சின்னக் கோயில். உள்ளே மாலைக்குள் மூழ்கி ஒரு சாமி. படத்தைப் பெரிதாக்கினேன். முன்காலைத் தூக்கிய குதிரை. அதன் மேல் மீசை வைத்த ஆள். கையில் வாள், நுனி வளைந்திருந்தது. என் பல்லை எனக்குத் தெரியாதா?

விசாரித்தபோது கதை தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் அந்த மலையில் புல்லு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சாமி எழுந்தாராம். பெயர் குதிரைக்காரர். அவர் பார்க்கும் வேலை, குளவியை அடக்குவது.

குளவி என்பது எங்கள் ஆட்களுக்கு விளையாட்டு விஷயம் அல்ல. சவுக்கு மரத்திலோ கற்பாறை இடுக்கிலோ கூடு இருக்கும். காற்று கலைத்தாலும் பருந்து மோதினாலும், கீழே கொழுந்து பறிக்கிறவர்கள் மீதுதான் வந்து விழும். முதுகில் கூடையோடு அந்தச் சரிவில் ஓட முடியாது. அத்தையை ஒருமுறை கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பார்க்கப் போனபோது வீங்கிய முகத்தில் என் அத்தை எது என்று தெரியாமல் வாட்டில் இரண்டு தடவை நடந்தேன். அவரோடு நிரையில் நின்ற ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை. குதிரைக்காரர் எழுந்தது அதற்கு அடுத்த வருடம். அதற்குப் பிறகு ஆறாம் நம்பர் மலையில் யாரையும் குளவி கொட்டவில்லை. பக்கத்து மலையில் கொட்டுகிறது. அதற்கு வேறு விஞ்ஞானக் காரணம் இருக்கும். நான் அதைச் சொல்லப் போகவில்லை, நான் போனது குதிரைக்காரரைத் தரச்சொல்லிக் கேட்பதற்கு.

குதிரைக்காரர் இருக்கும் சேதியை என்னிடம் கேட்ட நானா, அதற்குள் எல்லவில் ஒரு ஹோட்டல் முதலாளியைப் பிடித்துவிட்டார். செட் முழுசாக வந்தால் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து வைப்பாராம். பாடசாலை விடுமுறையில் ஒருநாள் காலையில் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். அத்தை ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் காலையில் மலைக்கு ஏறி, கோயிலைக் கூட்டி விளக்கு வைப்பது அவர்தான். யாரும் நியமிக்கவில்லை, தானாக எடுத்துக்கொண்ட பதவி.

"வாய்யா! என்னாய்யா இப்பிடி மெலிஞ்சி போயிட்ட?" என்றார். என் தொப்பை பஸ்ஸிலிருந்து எனக்கு முன்னால் இறங்கியிருந்தது. அத்தைகளின் கண்ணுக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். வேலைக்குள் இறங்குவதற்கு முன் ஒவ்வொருத்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு விரலைக் குதிரையின் முதுகில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கூட்டம் குறைந்ததும் நான் குனிந்து பார்த்தேன். வருடா வருடம் கும்பிடுக்கு முன்னால் இனாமல் பெயின்ட் அடித்து அடித்து ஆள் தடித்துப் போயிருந்தார். சட்டை நீலம், குதிரை வெள்ளை, முகம் மஞ்சள். குதிரையின் முதுகு மட்டும் விரல் பட்டுப் பட்டு, அத்தனை பெயின்டும் போய் ஈயம் பளபளத்தது. கையுறைக்காரர் கண்டால் மயங்கி விழுவார். ஆனால் முதலீட்டாளனுக்கு நம்பிக்கைதானே மூலதனம். ஒரு போத்தல் தின்னர் இருந்தால் சாமியை மறுபடி துரையாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"அத்தை, நா ஒண்ணு கேக்கணும். இந்தச் சாமி... எங்கிட்ட இருந்த பொம்மை. சின்ன வயசுல இங்க தொலைச்சது."

"தெரியும்யா. நாந்தானே அன்னிக்கு ஒங்கூடத் தேடினேன்."

அங்கே இருந்த கல்லில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரிஞ்சுமா சாமின்னு வச்சிருக்கீங்க?"

"பின்ன? இந்த மலைக்கு வர்றதுக்கு அவருக்கு ஒரு ஆளு வேணும்ல? ஓங் கையப் புடிச்சு வந்திருக்காரு."

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நான் வேறு வழியில் போனேன். இவருக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து நல்ல சிலை ஒன்று எடுத்துத் தருகிறேன், இரண்டு அடி உயரத்தில், பெரிய முனியாண்டியாகவே தருகிறேன் என்றேன்.

"பெருசு எதுக்குய்யா? இவரே வளர்றாருல்ல? வந்தப்ப சுண்டுவெரல் மொத்தம் இருந்தாரு. இப்பப் பாரு."

பெயின்ட்டால் வந்த வளர்ச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"எங்க கொண்டு போற அவர?" என்று அத்தை கேட்டார்.

"எல்லவுல ஒரு ஹோட்டலுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருப்பாங்க. யாரும் தொட மாட்டாங்க."

"தொடவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"பொட்டு வைக்க மாட்டாங்களா?"

"இல்ல அத்தை."

"கும்புடவும் மாட்டாங்க, வையவும் மாட்டாங்க. சும்மாவே நிக்கணுமா?" அத்தையின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "பாவம்யா."

அத்தை குதிரைக்காரரைத்தான் சொன்னார். எனக்கு நினைவுக்கு வந்தது வீட்டில் பைக்குள் நிற்கிற பதினொரு பேர். இரண்டு வருடமாக அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அரைப்பேர்கூட இல்லை. ஆனாலும் வந்த காரியத்தை விட மனம் வரவில்லை. விலை என்பது அப்படி.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகன், அதுவும் படித்த பிள்ளை, நாலு பேர் முன்னால் வந்து கேட்கிறான். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எங்கள் வீடுகளில் வந்தவனிடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில், "சரி, நீங்க கேக்குறீங்க. அவருகிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம்" என்றார்.

நீ என்பது நீங்க ஆகிவிட்டதை நான் கவனித்தேன். அப்போதே இறங்கிப் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கலியாணம், பயணம், வீடு மாறுவது, எதற்கும் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுத்தால் சாமியின் முடிவு தெரியும். வெள்ளைத் தேயிலைப் பூ வந்தால் குதிரைக்காரர் என்னோடு வருகிறார், சிவப்புச் செவ்வரத்தம் பூ வந்தால் இங்கேயே இருக்கிறார் என்று பேசிக்கொண்டோம். அத்தை மரத்துக்குப் பின்னால் போய், இரண்டு வெற்றிலையில் பூவை மடித்து நூலால் கட்டிக்கொண்டு வந்தார். குதிரைக்காரரின் காலடியில் வைத்து, கற்பூரம் கொளுத்தினார். கூடையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கம்பளியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். எனக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. வெள்ளை வந்துவிட்டால், இவர்கள் நாளைக்கு இந்த மரத்தடிக்கு எப்படிப் போவார்கள்?

"நீங்களே எடுங்க" என்றார் அத்தை.

வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

பெண்கள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்து இடுப்புச் சுருக்குப் பைக்குள் செருகினார். பூக்கட்டிப் பார்த்த மற்றப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். நான் மலையிலிருந்து இறங்கி நடந்தேன்.

லயத்தில் அத்தை தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். பிறகு வெற்றிலை போடுவதற்காகச் சுருக்குப் பையைத் தலைகீழாகக் கொட்டினார். பாக்கு, சுண்ணாம்பு டப்பா, கூடவே அந்தப் பொட்டலமும் பாயில் விழுந்து நூல் அவிழ்ந்துகொண்டது. உள்ளே செவ்வரத்தம் பூ, அதுவும் சிவப்பு.

நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அத்தை பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதவர் மாதிரி பூவை எடுத்து விளக்கடியில் வைத்தார். வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"சாமி வெத்தல. வீணாக்கக் கூடாது" என்றார் மென்றுகொண்டே. "இன்னுங் கொஞ்சம் சீனி போடவா?"

போடச் சொன்னேன். என் அத்தை மீது எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை, படித்தவர்கள் யார் மீதும் வந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து நானா போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "பரவாயில்ல சேர். ஹோட்டல்காரர் காலாளுங்க பதினொண்ணையும் தனியா எடுக்கிறாராம். வெல கொஞ்சம் கொறையும், ஆனா நல்ல வெல. பின்னேரம் முடிவச் சொல்லுங்க" என்றார். நல்ல விலைதான். அந்த மாதிரி விலை இன்னொரு தடவை வராது என்று எனக்கும் தெரியும்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலிப் பக்கம் போய்ப் பூப் பறித்து வந்து, மேசையில் உட்கார்ந்து, இரண்டு வெற்றிலையில் மடித்தேன். அவள் அருகில் வந்து பார்த்தாள்.

"ரெண்டும் செவப்பால்ல இருக்கு?"

"ஆமா."

அவள் அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். தேடவே இல்லை, நேராகக் கை போனது. அலுமாரியைத் திறந்தேன். பைகளைப் பிரித்து, ஒவ்வொருவராக மேசையில் நிறுத்தினேன். ஒருவனின் சிவப்புச் சட்டையில் என் கட்டைவிரல் அழுத்தமாகப் பட்டது. விலை இறங்கியிருக்கும். கவ்வாத்துக்கு மூன்று பேரை அனுப்பியபோது மனைவி ஆட்சேபித்தாள், ஒருவனை மாற்றினேன்.

பின்னேரம் நானா மறுபடி போன் எடுத்தார். "என்ன முடிவு சேர்?"

"பூக்கட்டிப் பார்த்தேன் நானா. செவப்பு விழுந்துருச்சி."

"அடடா." வியாபாரி லேசில் விடுவாரா? "இன்னொரு தடவ போட்டுப் பாருங்களேன் சேர். மத்தது வெள்ளதானே?"

"அதையும் பிரிச்சுப் பார்த்துட்டேன் நானா" என்றேன். "அதுவும் செவப்புதான்."